அலுவலக நெட்வொர்க்கில் இரண்டாவது ரவுட்டர்: ஐபி வருகிறது, நெட் வரவில்லை

சோதனைமேசை | திங்கள், காலை 11.20

எங்கள் அலுவலகத்தில் கடைசியில் ஒரு அறை இருக்கிறது, கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் அறை. சுவரில் நெட்வொர்க் போர்ட் ஒன்றே ஒன்று. என் லேப்டாப்பை அதில் செருகினால் அடுத்த நொடி நெட் வந்துவிடும், அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது அதே அறையில் நான்கு டேப்லெட்டும் ஒரு லேபிள் பிரிண்டரும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்துக்கும் வைஃபை வேண்டும், ஆனால் அலுவலக வைஃபை லிஃப்டைத் தாண்டி அந்த அறைக்குள் வருவதே இல்லை. சரி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

சுவரிலிருந்து வரும் கேபிளை ‘வேன்’ என்று எழுதிய, வெளி இணைப்புக்கான போர்ட்டில் செருகினேன். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வேன் ஐபி முகவரி 192.168.1.57, கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.1.1 என்று அழகாக வந்திருக்கிறது. ஆனால் முன்பக்கம் இன்டர்நெட் விளக்கு சிவப்பு. வைஃபையில் எதைச் சேர்த்தாலும் “இணைய இணைப்பு இல்லை” என்கிறது. கேபிளை மாற்றியாயிற்று, இரண்டு முறை அணைத்துப் போட்டாயிற்று, அதே கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் நெட் வருகிறது. ஐபி வந்த பிறகும் நெட் ஏன் வரவில்லை? மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன், அதனால் அதற்காகத் திட்ட வேண்டாம்.

பச்சைவிளக்கு | 11.26

ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். எனக்கு எப்போதும் இதிலேயே சரியாகிவிடும்.

கம்பிச்சுருள் | 11.41

ரீசெட் இப்போது வேண்டாம், செய்தால் இருக்கும் தடயமும் போய்விடும். ஒரே ஒரு கேள்வி. ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் என்ன முகவரி அடித்தீர்கள்?

சோதனைமேசை | 11.44

192.168.1.1. ரவுட்டருக்கு அடியில் ஸ்டிக்கரில் இருப்பது அதுதான்.

கம்பிச்சுருள் | மதியம் 12.05

நினைத்தேன். உங்கள் அலுவலக கேட்வேயும் 192.168.1.1, உங்கள் ரவுட்டரும் 192.168.1.1. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைத்த கதை. டேப்லெட் ஏதாவது கேட்டால் ரவுட்டர் அதை வெளியே தள்ளத் தன் கேட்வேயைத் தேடும், கேட்வே யார் என்று பார்த்தால் 192.168.1.1, அட அது நான்தானே என்று அங்கேயே நின்றுவிடும். முகவரி ஒன்றாக இல்லாமல் நீங்கள் 192.168.1.2 என்று வைத்திருந்தாலும் சிக்கல்தான், ஏனென்றால் வேன் பக்கமும் லேன் பக்கமும் (உள்ளே கருவிகள் இருக்கும் பக்கம்) 192.168.1 என்றே தொடங்கினால் எந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரவுட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புது ரவுட்டர்களில் சில இதைத் தானே கண்டுபிடித்து லேன் முகவரியை மாற்றிக்கொள்ளும். பழையவை பேசாமல் இருந்துவிடும்.

லேன் செட்டிங்ஸில் போய் ரவுட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் ஒதுக்கியது மூன்று தொகுதிகள்: 10-இல் தொடங்கும் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. இந்த மூன்றில் உங்கள் அலுவலகம் தொடாத மூலை எதுவானாலும் சரி. அலுவலகம் எதையெல்லாம் தொடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது என்பதுதான் இதில் வம்பு, 50 என்பது என் ஊகம்.

பழையமோடம் | 12.30

கேபிளை வேன் போர்ட்டில் செருகினீர்களே, அந்த மட்டும் பிழைத்தீர்கள். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த இடத்தில் இதே மாதிரி ஒரு ரவுட்டரைக் கொண்டுபோய், வேன் போர்ட்டில் போட்டு நெட் வரவில்லை என்று ‘லேன் 1’-இல் போட்டுப் பார்த்தேன். எனக்கு நெட் வந்துவிட்டது, ஆகா என்று உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரத்தில் கணக்குப் பிரிவில் நெட் இல்லை, அரை மணியில் மாடி முழுக்க இல்லை. நடந்தது என்னவென்றால், ஒரு கணினி நெட்வொர்க்கில் சேரும்போது “எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும், பெரும்பாலும் முதலில் பதில் சொன்னவரின் முகவரியையே வாங்கிக்கொள்ளும். என் ரவுட்டர் பக்கத்திலேயே இருந்ததால் அலுவலக சர்வரை முந்திக்கொண்டு எல்லோருக்கும் முகவரி கொடுத்துத் தள்ளியிருக்கிறது, கேட்வேயும் தானே என்று சொல்லியிருக்கிறது. இரண்டு மணி நேரம் ஐடி ஆட்கள் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி வந்து கடைசியில் என் மேசைக்கு அடியில் குனிந்தார்கள். அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லா சுவிட்சிலும் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) டிஎச்சிபி ஸ்நூப்பிங்கைப் போட்டுவிட்டார்கள், டிஎச்சிபி என்பது இந்த முகவரி விநியோகம்தான். அனுமதிக்காத போர்ட்டிலிருந்து யாராவது முகவரி விநியோகித்தால் சுவிட்சே அந்தப் பதிலைக் கீழே போட்டுவிடும்.

சோதனைமேசை | 2.15

லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றினேன். முன்னேற்றம் இருக்கிறது, முழுசாக இல்லை. லேப்டாப்பை இந்த வைஃபையில் சேர்த்து 192.168.1.1-க்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) அடித்தால் பதில் வருகிறது, அதாவது அலுவலக கேட்வே வரை போகிறேன். வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கு அடித்தால் ஒன்றும் இல்லை. போகும் வழியைக் காட்டும் டிரேஸர்ட் போட்டால் முதல் வரி 192.168.50.1, இரண்டாவது 192.168.1.1, அதற்குப் பிறகு வெறும் நட்சத்திரங்கள். ஒரு வலைத்தளமும் திறக்கவில்லை. விளக்கு இன்னும் சிவப்பு.

பச்சைவிளக்கு | 2.20

மேக் குளோன் செய்யுங்கள். லேப்டாப்பின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் அடையாள எண்ணை, ரவுட்டருக்குக் கொடுத்தால் அலுவலகம் அதை லேப்டாப் என்றே நினைத்துக்கொள்ளும்.

நள்ளிரவு_நிர்வாகி | 2.52

நான் நெட்வொர்க் வேலையே செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேக் குளோனுக்கு இப்போது வேலையே இல்லை. மேக் முகவரி பார்த்துத் தடுக்கும் நெட்வொர்க்காக இருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு ஐபியே வந்திருக்காது, கேட்வேயிடமிருந்து பிங் பதிலும் வந்திருக்காது. சில இடங்களில் 802.1எக்ஸ் போட்டிருப்பார்கள், போர்ட்டில் எதைச் செருகினாலும் “நீ யார், சான்று காட்டு” என்று சுவிட்ச் கேட்கும், லேப்டாப்பில் ஐடி ஆட்கள் முன்பே வைத்த சான்றிதழ் பதில் சொல்லிவிடும், வீட்டு ரவுட்டருக்கு அந்தக் கேள்வியே புரியாது. அப்போதும் கேபிள் விளக்கு எரியும், வேன் ஐபி மட்டும் 0.0.0.0 என்று நிற்கும். உங்களுக்கு அதுவும் இல்லை. அப்புறம், தடுக்கிற இடத்தில் இன்னொரு கருவியின் மேக்கைப் போட்டு நுழைவது என்பது அடுத்தவர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது மாதிரி. மாட்டினால் மேனேஜர் சரி என்றார் என்பது உங்களைக் காப்பாற்றாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். லேப்டாப்பை ரவுட்டர் இல்லாமல் நேராகச் சுவரில் செருகி, நெட் வரும் அந்த நிலையில் அதே 8.8.8.8 பிங்கை அடியுங்கள். இதுவரை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை, நீங்களும் செய்யவில்லை. நன்றாக இருக்கும்போது என்ன பதில் வரும் என்று தெரியாமல், கெட்டிருக்கும்போது வரும் பதிலை வைத்து என்ன சொல்ல முடியும்? அப்படியே ஐபிகான்ஃபிக் கட்டளை போட்டு டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்வது) என்று என்ன இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ரவுட்டரின் வேன் பக்கத்தில் டிஎன்எஸ் என்ன என்றும் பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள்.

சோதனைமேசை | 3.30

இது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. நேராகச் செருகி எல்லா வலைத்தளமும் திறக்கும்போதும் 8.8.8.8-க்கு பிங் பதில் இல்லை!

நேராகச் செருகும்போது டிஎன்எஸ்: 192.168.10.5, 192.168.10.6
ரவுட்டரில் டிஎன்எஸ்: 8.8.8.8, 8.8.4.4

ரவுட்டரில் இருப்பது எப்போதோ வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது என்று நானே கையால் போட்டது. அடியோடு மறந்துவிட்டேன்.

நள்ளிரவு_நிர்வாகி | 3.48

மாட்டியது. உங்கள் அலுவலக ஃபயர்வால் இரண்டு விஷயம் செய்கிறது. ஒன்று, வெளியே போகும் பிங்கை விடுவதில்லை, அதனால் நீங்கள் மதியத்திலிருந்து நம்பிய சோதனை நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் தரும். இரண்டு, டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது 53-ஆம் போர்ட்டுக்குப் போகிறவற்றை, தன் சொந்த சர்வர்களைத் தவிர வேறு எங்கும் போக விடுவதில்லை. நிறைய அலுவலகங்களில் இப்படித்தான், யார் எந்தப் பெயரைத் தேடுகிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் பட வேண்டும், கெட்ட தளங்களை அங்கேயே வெட்ட வேண்டும். உங்கள் ரவுட்டர் 8.8.8.8-இடம் பெயருக்கு முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடுகிறது, முகவரி கிடைக்காமல் பிரவுசர் எங்கும் போக முடியாது.

உறுதி செய்ய வேண்டுமா? ரவுட்டர் வைஃபையில் இருந்தபடி என்எஸ்லுக்கப் போட்டு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை முதலில் 8.8.8.8-இடம் கேளுங்கள், அப்புறம் அதே பெயரை 192.168.10.5-இடம் கேளுங்கள். முதலாவது காத்திருந்து தோற்கும், இரண்டாவது பதில் சொல்லும். சொன்னால், ரவுட்டரின் வேன் பக்கத்தில் டிஎன்எஸ்ஸைத் ‘தானாகப் பெறு’ என்று மாற்றுங்கள்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள். ரவுட்டர் செய்த கம்பெனி குறித்துவைத்த ஏதோ ஒரு முகவரிக்கு பிங் அடித்துப் பார்த்து, பதில் வராவிட்டால் சிவப்பு காட்டும் ரவுட்டர்கள் உண்டு.

சோதனைமேசை | 4.10

வந்துவிட்டது!! நான்கு டேப்லெட்டிலும் நெட் வருகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே முதல் என்எஸ்லுக்கப் தோற்றது, இரண்டாவது பதில் சொன்னது. விளக்கு மட்டும் சிவப்பாகவே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம்படி | 5.35

தீர்ந்த பிறகு வருகிறேன், ஆனாலும் தேடி வருகிறவர்களுக்காக. என் இடத்தில் டிஎன்எஸ் சரியாக இருந்தும் இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் நெட் வரவில்லை, ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் பிராக்சி, நமக்காக வெளியே போய்க் கேட்டு வாங்கிவரும் இடைத்தரகர் சர்வர். அலுவலகத்தில் வெளியே போக வேண்டுமானால் பிராக்சி வழியாகத்தான் போக வேண்டும், அந்த பிராக்சி எங்கே இருக்கிறது என்பதை டிஎச்சிபி பதிலிலேயே 252 என்ற எண்ணுள்ள ஆப்ஷனாக வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள், லேப்டாப் அதைப் படித்துத் தானே அமைத்துக்கொள்ளும். நடுவில் ரவுட்டர் வந்ததும் லேப்டாப்புக்கு முகவரி கொடுப்பது ரவுட்டர், அதற்கு இந்த 252 எல்லாம் தெரியாது, தனக்கு வந்ததைக் கீழே கடத்தவும் செய்யாது. கையால் பிராக்சி முகவரியைப் போட்டதும் சரியானது. நேராகச் செருகினால் வரும், ரவுட்டர் வழியாக வராது, டிஎன்எஸ்ஸும் பழுதில்லை என்றால் இதையும் ஒரு முறை பாருங்கள்.

சோதனைமேசை | செவ்வாய், காலை 10.05

நேற்று கொண்டாடியது சீக்கிரம் போலிருக்கிறது. டேப்லெட்டில் வெளி நெட் எல்லாம் ஓடுகிறது, ஆனால் எங்கள் சோதனைப் பதிவு ஆப் அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரோடு பேச வேண்டும், அது மட்டும் “சர்வர் கிடைக்கவில்லை” என்கிறது. லேப்டாப்பை இந்த வைஃபையில் சேர்த்துப் பார்த்தேன். அந்தச் சர்வரின் பெயரை ரவுட்டரிடம் கேட்டால் வெறும் பதில் வருகிறது, 192.168.10.5-இடம் நேராகக் கேட்டால் 192.168.20.14 என்று சொல்கிறது. அதே டிஎன்எஸ் சர்வரிடம்தானே ரவுட்டரும் கேட்கிறது? நடுவில் பதிலை யார் முழுங்குகிறார்கள்?

கம்பிச்சுருள் | 10.22

நடுவில் முழுங்குவது உங்கள் ரவுட்டரேதான். டிஎன்எஸ் ரீபைண்ட் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு, சில ரவுட்டர்களில் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். வெளியுலக டிஎன்எஸ் ஒன்று ஒரு பெயருக்கு 192.168 மாதிரி உள்வீட்டு முகவரியைப் பதிலாகத் தந்தால், இது ஏதோ ஏமாற்று வேலை, யாரோ என் வீட்டுக்குள் இருக்கும் கருவியை வலைப்பக்கம் வழியாகத் தொடப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். வீட்டில் அது நியாயமான சந்தேகம். உங்கள் இடத்திலோ ரவுட்டருக்கு ‘வெளி’ என்பதே இன்னொரு உள் நெட்வொர்க், அதனால் நல்ல பதிலையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. விருந்தினர் வைஃபையில் முதலில் வரும் லாகின் பக்கம் ரவுட்டர் போட்டால் வராமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

அந்த ஆப்ஷன் உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் இருந்தால் அலுவலகத்தின் உள் டொமைனை மட்டும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரின் டிஎச்சிபி செட்டிங்ஸில், கருவிகளுக்குக் கொடுக்கும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 192.168.10.5 என்று எழுதிவிடுங்கள், கருவிகள் ரவுட்டரிடம் கேட்காமல் நேராக அங்கேயே கேட்கும்.

சோதனைமேசை | 11.40

இரண்டாவது வழி. விலக்குப் பட்டியல் எல்லாம் இந்தக் கிழட்டு ரவுட்டரில் இல்லை. ஆப் வேலை செய்கிறது. மிச்சம் இருப்பது பிரிண்டர். டேப்லெட்டிலிருந்து அடித்தால் லேபிள் வருகிறது. முன் அறையில் இருப்பவர்கள் தங்கள் கணினியிலிருந்து அடிக்க வேண்டும், அவர்களுக்குப் பிரிண்டர் இருப்பதே தெரியவில்லை.

கம்பிச்சுருள் | 11.52

தெரியாது. நேட், அதாவது பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரவுட்டர் வேலை, ஒருவழிக் கதவு. உள்ளிருந்து வெளியே கேட்டுப் பதில் வாங்கலாம், வெளியிலிருந்து தானாக யாரும் உள்ளே வர முடியாது. இரண்டு நேட் அடுக்காக இருப்பதால் நெட் பார்ப்பதற்குக் குறை ஒன்றும் வராது, உள்ளே வர வேண்டிய வேலைதான் அடிபடும். லேபிள் பிரிண்டர்கள் பெரும்பாலும் 9100-ஆம் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கும், அதை ஃபார்வர்ட் செய்யலாம், ஆனால் அதைவிட ரவுட்டரை ஏபி மோடுக்கு, அதாவது வெறும் அக்செஸ் பாயின்டாக மாற்றிவிடுவது சுத்தமான வழி. அப்போது உங்கள் கருவிகள் எல்லாம் அலுவலக நெட்வொர்க்கிலேயே நேராக உட்காரும்.

நள்ளிரவு_நிர்வாகி | மதியம் 12.20

அதைச் செய்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன், நேற்றே கேட்டிருக்க வேண்டும். ஐடி பிரிவுக்குத் தெரியுமா?

சோதனைமேசை | 12.24

மேனேஜருக்குத் தெரியும்.

நள்ளிரவு_நிர்வாகி | 12.40

அதைக் கேட்கவில்லை :) உங்கள் மேனேஜர் அந்த அறைக்குப் பொறுப்பு, நெட்வொர்க்குக்கு வேறு ஒருவர் பொறுப்பு. நாளை ஒரு டேப்லெட்டில் ஏதாவது தொற்றிக்கொண்டு கண்டபடி பாக்கெட் (தகவல் துண்டுகள்) அனுப்பினால், ஐடி பக்கத்தில் தெரிவது 192.168.1.57 என்ற ஒரே முகவரி. ஐந்து கருவியில் எது என்று அவர்களால் சொல்ல முடியாது, போர்ட்டை மொத்தமாக அடைப்பார்கள். அந்த ரவுட்டருக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்தது என்றும் பாருங்கள்.

வெறும்வாசகன் | 12.58

ஐடிக்கு டிக்கெட் போட்டால் பதில் வருவதற்குள் அந்த அறையையே வேறு மாடிக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது ஓடுகிறது அல்லவா, விடுங்கள். நேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பழையமோடம் | 1.10

தெரியும் ஐயா. மேக் முகவரியின் முதல் மூன்று பைட்டைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி செய்தது என்று தெரிந்துவிடும், அலுவலகம் வாங்காத ரவுட்டர் கம்பெனியின் பெயர் பட்டியலில் எழுந்து நிற்கும். அதை மறைத்தாலும் பாக்கெட்டில் டிடிஎல் என்ற எண் இருக்கிறது. விண்டோஸ் கணினி பாக்கெட்டை 128 என்று எண்ணிட்டு அனுப்பும், லினக்ஸும் ஆண்ட்ராய்டும் 64, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். ஒரு மேசையிலிருந்து 127-உம் 63-உம் கலந்து வந்தால் அங்கே என்ன இருக்கிறது என்று மேசைக்கு அடியில் குனியாமலே சொல்லிவிடுவார்கள்.

வெறும்வாசகன் | 1.15

யாராவது உட்கார்ந்து பார்த்தால்தானே. எங்கள் இடத்தில் பார்க்கிறவர் யாரும் இல்லை.

பழையமோடம் | 1.19

என் மேசைக்கு அடியில் குனியும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சோதனைமேசை | 3.05

சரி, டிக்கெட் போட்டுவிட்டேன். “நெட் வேலை செய்யவில்லை” என்று எழுதாமல், எந்தப் போர்ட், எத்தனை கருவி, எந்தச் சர்வரோடு பேச வேண்டும், யார் பிரிண்ட் அடிக்க வேண்டும், இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். ரவுட்டரைக் கழற்றியும் வைத்துவிட்டேன். பார்ப்போம்.

சோதனைமேசை | வியாழன், காலை 11.30

ஐடியிலிருந்து ஒருவர் நேராகவே வந்தார். நல்ல மனிதர், திட்டவில்லை, சிரித்தார். திங்கட்கிழமையே புது மேக் ஒன்று பட்டியலில் தெரிந்ததாம், செவ்வாய் மதியம் நான் கழற்றாவிட்டால் தேடி வந்திருப்பாராம். (வெறும்வாசகன் கவனிக்க.) அவர் சொன்னது: நேட் கூடாது, ஏபி மோட் என்றால் சரி, டிஎச்சிபியை அணைக்க வேண்டும், ரவுட்டருக்கு 192.168.1.240 என்ற முகவரி, அது அவர்கள் விநியோகிக்கும் வரிசைக்கு வெளியே இருக்கிறது. வைஃபை சேனல் 11, ஏனென்றால் பக்கத்தில் இருக்கும் அலுவலக ஏபிக்கள் 1-இலும் 6-இலும் இருக்கின்றன. பாஸ்வேர்டை அவரே போட்டார். ஃபர்ம்வேரைப் பார்த்து முகம் சுளித்தார், புது ஏபி வாங்கும்வரை மட்டும் இது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் செய்து கேபிளை லேன் போர்ட்டில் செருகினேன். இப்போது புதுக் கூத்து. முதல் டேப்லெட் சேர்ந்தது, 192.168.1.83 வந்தது, நெட் வருகிறது, ஆப் வேலை செய்கிறது. இரண்டாவது டேப்லெட் “ஐபி முகவரி பெறுகிறது” என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதும் அப்படியே. பிரிண்டரில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடித்தால் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரி. ரவுட்டரை அணைத்துப் போட்டு இரண்டாவது டேப்லெட்டை முதலில் சேர்த்தால் அது நன்றாக ஓடுகிறது, முதலாவது சுற்றுகிறது! வந்தவர் கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, உடனே மறுபடி கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

கம்பிச்சுருள் | 11.38

டிஎச்சிபி இன்னும் ரவுட்டரில் அணையவில்லையோ? சேவ் அடித்தீர்களா?

சோதனைமேசை | 11.41

அணைந்திருக்கிறது, மறுபடி பார்த்தேன். அதுவும் அல்லாமல் முதல் டேப்லெட்டுக்கு வந்தது அலுவலக முகவரிதானே.

நள்ளிரவு_நிர்வாகி | மதியம் 12.15

அணைத்துப் போட்டு வரிசையை மாற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. கருவியில் கோளாறு என்றால் எந்த வரிசையில் சேர்த்தாலும் அதே கருவிதான் தோற்கும். யார் முதலில் வருகிறாரோ அவருக்கு மட்டும் வழி என்றால் எங்கோ ஒரு எண்ணிக்கை வரம்பு இருக்கிறது. 169.254 என்பது முகவரி கேட்டு யாரும் தராததால் கருவி தானே சூட்டிக்கொள்ளும் பெயர், அதாவது பிரிண்டரின் கேள்வி டிஎச்சிபி சர்வருக்குப் போகவில்லை, அல்லது பதில் திரும்பி வரவில்லை.

என் ஊகம் சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி, ஒரு போர்ட்டில் இத்தனை மேக்தான் என்று வரம்பு. உங்கள் விஷயத்தில் 2 என்று வைத்திருப்பார்கள், ஏபியின் சொந்த மேக் ஒன்று, முதலில் வந்த டேப்லெட் ஒன்று, முடிந்தது. திங்கள், செவ்வாய் எல்லாம் இது ஏன் வெளிப்படவில்லை என்றால் அப்போது நேட் இருந்தது. பின்னால் ஐந்து கருவி இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிந்தது ரவுட்டரின் ஒரே மேக். ஏபி மோடில் ரவுட்டர் வெறும் பாலம், ஒவ்வொரு கருவியின் மேக்கும் அப்படியே கடந்து போகும். ரவுட்டரை அணைத்ததும் போர்ட்டில் இணைப்பு அறுந்து சுவிட்ச் பழைய மேக்குகளை மறந்துவிடுகிறது, அதனால் அடுத்த முறை வேறு கருவிக்கு இடம் கிடைக்கிறது. நடுவில் ஐபி ஃபோனோ குட்டி சுவிட்சோ இருந்திருந்தால் இணைப்பு அறுந்தே இருக்காது, இன்னும் குழம்பியிருப்பீர்கள்.

வரம்பு மீறினால் உபரி மேக்கை மட்டும் கைவிடும்படியும் வைக்கலாம், போர்ட்டையே அடைக்கும்படியும் வைக்கலாம். உங்கள் ஆள் நல்லவர், முதலாவதை வைத்திருக்கிறார். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள், இது அவர் கையில்தான் இருக்கிறது, உங்கள் ரவுட்டரில் எதைத் திருகினாலும் சரியாகாது. இன்னொன்று, ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டும் பழக்கம் உண்டு. அவர் மேக் பட்டியல் கேட்டால் டேப்லெட்டின் வைஃபை செட்டிங்ஸில் போய் உண்மையான மேக்கைப் பயன்படுத்து என்று மாற்றிவிட்டு, அப்புறம் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஒன்று, காற்றில் வேறொன்று என்று இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும்.

சோதனைமேசை | மாலை 4.45

வரம்பு 2-ஏதான். கூப்பிட்டு “போர்ட்டில் மேக் எண்ணிக்கை வரம்பு இருக்கிறதா” என்று கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் “அட ஆமாம்” என்றார். 8 ஆக்கிவிட்டார். பொய் மேக் விஷயம் சொன்னது நல்லதாகப் போயிற்று, உண்மையிலேயே பட்டியல் கேட்டார், நான்கு டேப்லெட்டிலும் மாற்றிவிட்டு எழுதிக் கொடுத்தேன். பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்று ஒதுக்கித் தந்திருக்கிறார், முன் அறையிலிருந்து முதல் லேபிள் சற்று முன் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

பச்சைவிளக்கு | 4.52

ஒரு சந்தேகம். திங்கட்கிழமை நான் சொன்னபடி ரீசெட் செய்திருந்தால் அந்த 8.8.8.8 அன்றைக்கே அழிந்திருக்கும்தானே?

கம்பிச்சுருள் | 5.01

...அழிந்திருக்கும். ஆனால் லேன் மறுபடி 192.168.1.1-க்கே திரும்பியிருக்கும்.

பச்சைவிளக்கு | 5.03

பாதி மதிப்பெண் கொடுங்கள் அண்ணா.

கம்பிச்சுருள் | 5.04

பாதி கொடுத்தாயிற்று.

மூன்றாம்படி | 5.20

சிவப்பு விளக்கு என்ன ஆயிற்று?

சோதனைமேசை | 5.26

இன்னும் சிவப்புதான். அறைக்கு வருகிற ஒவ்வொருவரும் “நெட் இல்லையா?” என்று கேட்கிறார்கள், மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.